பென்ஷன் பிச்சையல்ல, பிடித்து வைத்த கூலி!

(திருவாதவூரில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டத்துக்கு வரும் வழியில் டீக்கடையில் ஒரு மில் தொழிலாளித் தோழர் நம்மை நிறுத்திக் கேட்டார்: "சர்க்கார் குமாஸ்தாவுக்கும் வாத்தியாருக்கும் பழைய பென்ஷன் வேண்டும் என்று நாம் எதற்குக் கோஷம் போட வேண்டும், தோழர்? அவர்கள் சம்பளம் என்ன, நம் கூலி என்ன? நமக்கு என்றைக்காவது அவர்கள் கொடி பிடித்தார்களா?"

நியாயமான கேள்வி. இதை அவர் ஒருவர் மட்டும் கேட்கவில்லை. நடவு வயலிலும் கேட்கிறார்கள், மில் வாசலிலும் கேட்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கக் கூடாது என்றுதான் வந்திருக்கிறோம்.

நாம் நிற்பது மாணிக்கவாசகர் பிறந்த ஊர். ஆவணி மூலத் திருவிழாவில் பிட்டுக்கு மண் சுமந்த கதையை இங்கே பச்சைக் குழந்தையும் சொல்லும். வைகையில் வெள்ளம். கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டிய ராஜா உத்தரவு போட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்ற கிழவிக்குப் பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை. அவள் பங்குக்கு மட்டும் விலக்கு உண்டா? கிடையாது. ராஜாவின் கணக்குப்பிள்ளைக்கு அவள் வீடு தெரிந்தது, அவள் தள்ளாமை தெரியவில்லை. கடைசியில் ஆண்டவனே கூலியாளாக வந்து மண் சுமக்க வேண்டியதாயிற்று என்று புராணம் சொல்கிறது.

ஆண்டவன் இனிமேல் கூடையைத் தூக்கிக்கொண்டு வருவான் என்று எந்தக் கிழவியும் காத்திருக்க முடியாது. அதற்காகத்தான் உழைக்கும் மக்கள் சண்டை போட்டு ஓர் ஏற்பாட்டை உண்டாக்கினார்கள். அதன் பெயர்தான் பென்ஷன்.

பென்ஷன் என்றால் என்ன? முப்பது வருஷம் ஒருவன் உழைக்கிறான். அந்த உழைப்பின் முழு மதிப்பையும் அவன் கையில் கொடுப்பதில்லை. ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். கை ஓய்ந்த பிறகு அதை மாதா மாதம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இது தர்மம் அல்ல. 1982 டிசம்பரில் நகாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது: பென்ஷன் எஜமான் மனமிரங்கிக் கொடுக்கும் இனாம் அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று.

அந்த உரிமையை என்ன செய்தார்கள்?

2003-ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் சர்க்கார் ஊழியர்களும் ஆசிரியர்களும் பறிக்கப்பட்ட ஓய்வுக்காலச் சலுகைகளுக்காகவும் மற்ற உரிமைகளுக்காகவும் ஜூலை 2 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜெயலலிதா அரசாங்கம் நள்ளிரவில் தலைவர்களைக் கைது செய்தது. அவசரச் சட்டம் போட்டது. 1,70,000 பேருக்கு மேல் வேலையை விட்டு நீக்கியது. அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்று ஆயிற்று. 2004 ஜனவரி 1 முதல் வாஜ்பாய் அரசாங்கம் மத்திய ஊழியர்களுக்கும் அதையே செய்தது. ராணுவத்தை மட்டும் தொடவில்லை. இதற்குச் சட்ட வடிவம் கொடுக்க 2005-ல் கொண்டு வந்த மசோதாவை இடதுசாரிகள் எதிர்த்து நின்றார்கள். 2013-ல் காங்கிரஸ் அரசாங்கம் கொண்டு வந்தது, பா.ஜ.க. கை தூக்கியது, மசோதா நிறைவேறியது. நாடாளுமன்றத்தில் எலியும் பூனையுமாக நிற்கிறவர்கள், பென்ஷனைப் பறிப்பதில் மட்டும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்!

பழைய திட்டத்தில் கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன், அதன்மேல் பஞ்சப்படி. புதிய திட்டத்தில் ஊழியன் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து பிடிக்கிறார்கள். சர்க்கார் பங்கையும் சேர்த்து மார்க்கெட்டில் போடுகிறார்கள். ஓய்வு பெறும் நாளில் அந்தத் தொகையில் நூற்றுக்கு நாற்பதைக் கொண்டுபோய் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கொடுத்து அவன் மாதப் பணம் வாங்கிக்கொள்ள வேண்டும். மாதம் எவ்வளவு வரும்? யாரும் சொல்ல மாட்டார்கள். பங்கு ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று.

இதே திருவாதவூராரின் கதையில் நரி பரியானதும் உண்டல்லவா? பகலில் லாயத்தில் நின்ற குதிரையெல்லாம் ராத்திரியில் நரியாகி ஊளையிட்டன. அது இறைவன் விளையாட்டு என்கிறார்கள். இது கோடீஸ்வரர்களின் விளையாட்டு. வேலையில் சேரும் நாளில் காட்டுவது பரி. ஓய்வு பெறும் நாளில் கையில் வருவது நரி.

இந்த விளையாட்டில் ஆதாயம் யாருக்கு? 2025 மார்ச்சில் இந்தத் திட்டங்களில் திரண்டிருந்த பணம் 14 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இவ்வளவு பணத்தையும் வைத்து நிர்வகிக்கக் கம்பெனிகள் வரிசையில் நிற்கின்றன. 2013 சட்டம் அந்நிய முதலுக்கும் கதவைத் திறந்தது. காப்பீட்டுத் துறையில் எவ்வளவு திறக்கிறார்களோ, அவ்வளவு இங்கேயும் திறக்கலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. உழைப்பவன் வயோதிகம் அவர்களுக்கு வியாபாரச் சரக்கு.

"சர்க்காரிடம் பணமில்லை, பென்ஷன் கொடுத்தால் கஜானா திவாலாகிவிடும்" என்று பெரிய பொருளாதார மேதைகள் பத்திரிகையில் எழுதுகிறார்கள். அப்படியானால் சில கணக்குகளைப் பார்ப்போம். செத்தவர் விட்டுச் சென்ற பெருஞ்சொத்துக்கு இருந்த வரியை 1985-ல் எடுத்தார்கள். செல்வ வரியை 2015-ல் எடுத்தார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதமாகக் குறைத்தார்கள். அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அன்றைக்கு சர்க்காரே சொன்னது. அன்று எந்த மேதையும் கஜானாவுக்காகக் கண்ணீர் விடவில்லை. 2014-க்குப் பிறகு ஒன்பது ஆண்டுகளில் பாங்குகள் கணக்கிலிருந்து தள்ளி வைத்த வராக்கடன் 14 லட்சம் கோடிக்கு மேல். அதில் ஏறக்குறைய பாதி பெருந்தொழில்களும் பெரிய சேவைக் கம்பெனிகளும் வாங்கியது. கஜானா என்ற பானையில் ஓட்டை இருப்பது எந்தப் பக்கம் என்று இப்போது தெரிகிறதா?

இது நம் நாட்டில் மட்டும் நடக்கும் காரியம் அல்ல. இங்கிலாந்தில் 1908-ல் எழுபது வயது ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் பென்ஷன் என்று சட்டம் வந்தது. அதற்கும் மற்றச் செலவுக்கும் பணம் தேட 1909-ல் நிலப்பிரபுக்கள் மீதும் பணக்காரர்கள் மீதும் வரி போட்டார்கள். உடனே பிரபுக்கள் சபை பட்ஜெட்டையே நிராகரித்தது. தேர்தலில் விஷயம் மக்களிடம் போயிற்று. 1911-ல் பிரபுக்கள் சபையின் அதிகாரத்துக்கே கத்தரி விழுந்தது.

அமெரிக்காவில் 1935-ல் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தது. ட்யூபான் என்ற வெடிமருந்துக் கோடீஸ்வரக் குடும்பமும் அவர்களின் கூட்டாளிகளும் பணம் கொட்டி நடத்திய 'சுதந்திரக் கழகம்' அதை எதிர்த்தது. சுதந்திரமாம்! 1936 தேர்தல் சமயத்தில் முதலாளிகள் தொழிலாளியின் சம்பளக் கவருக்குள்ளேயே துண்டுச் சீட்டு வைத்தார்கள்: "ஜனவரி முதல் உன் சம்பளத்தில் பிடித்தம், ஜாக்கிரதை" என்று. தொழிலாளி மயங்கினானா? 48 மாநிலங்களில் 46-ல் அவர்களுடைய வேட்பாளர் தோற்றார்!

சிலி நாட்டில் பினோசெ என்ற சர்வாதிகாரி 1981-ல் பென்ஷனைத் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைத்தான். ராணுவத்தையும் போலீசையும் மட்டும் பழைய திட்டத்திலேயே வைத்துக்கொண்டான். புதிய திட்டம் அவ்வளவு நல்லது என்றால் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு ஏன் கொடுக்கவில்லை? கேட்க வேண்டிய கேள்வி இது.

சரி, நம் கதைக்கு வருவோம்.

மதுரையில் ஹார்வி மில் தோன்றிய 1892 முதல், சுற்றுப்பட்டுக் கிராமத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து நூல் நூற்றிருக்கிறோம். மில் தொழிலாளிக்குப் பென்ஷன் என்று 1995 நவம்பரில் ஒரு திட்டம் வந்தது. அதற்கு முதலாளி புதிதாகத் தன் மடியிலிருந்து ஒரு காசாவது எடுத்தாரா? இல்லை. நம் பி.எஃப். கணக்கில் அவர் கட்ட வேண்டிய பங்கிலிருந்தே 8.33 சதவிகிதத்தைத் திருப்பி அதில் விட்டார்கள். சர்க்கார் பங்கு 1.16 சதவிகிதம். நம் பணத்தை எடுத்து நமக்கே பென்ஷன்!

அதன் கணக்கைக் கேளுங்கள். சம்பளத்தை வேலை செய்த ஆண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். 9,800 ரூபாய் சம்பளத்தில் 15 ஆண்டு உழைத்தவருக்கு மாதம் 2,100 ரூபாய். பஞ்சப்படி கிடையாது. இன்றைக்கு 2,100 என்றால் இருபது வருஷம் கழித்து அரிசி என்ன விலை விற்றாலும் அதே 2,100. பத்து ஆண்டு நிறையவில்லை என்றால் மாதப் பென்ஷனே இல்லை. பதிலி என்றும் காண்ட்ராக்ட் என்றும் பெயர் வைத்து, பி.எஃப். பிடிக்காமல் வேலை வாங்கிய ஆண்டுகள் கணக்கில் ஏறுவதும் இல்லை. குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். அதற்கப்புறம் பத்து ஆண்டு கடந்தும் ஒரு ரூபாய் ஏற்றவில்லை.

விவசாயத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. நாற்று நட்டு, களை எடுத்து, அறுத்துக் கட்டி, ஊருக்கெல்லாம் சோறு போட்ட கை அது. 1962-ல் தமிழ்நாட்டில் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் என்று உதவிப்பணம் ஆரம்பித்தது. 2023 ஆகஸ்டில் அது 1,200 ரூபாய் ஆயிற்று. இதில் டில்லி சர்க்காரின் பங்கு என்ன? எண்பது வயதுக்கு உட்பட்டவருக்கு மாதம் 200 ரூபாய் என்று 2007-ல் நிர்ணயித்தார்கள். அதையும் உயர்த்தாமல் ஆண்டுகளை ஓட்டினார்கள். 200 ரூபாயை முப்பது நாளுக்குப் பங்கு போட்டால் நாளுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. டீக்கடையில் ஒரு டீ குடிக்க முடியுமா?

"நீங்களே சேர்த்து வையுங்கள்" என்று 2015-ல் அடல் பென்ஷன் என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். நாற்பது வயதில் சேருகிறவர் இருபது வருஷம் மாதம் 291 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் 69,840 ரூபாய். அதன்பின் மாதம் 1,000 ரூபாய் வரும். இருபது வருஷம் கழித்து அந்த ஆயிரத்துக்கு என்ன வாங்கலாம்? வேலை இல்லாத மாதத்தில் 291-க்கு எங்கே போவது?

வேறு வழி உண்டா என்றால், உண்டு. 1980-ல் கேரளத்தில் தோழர் நாயனார் தலைமையிலான அரசாங்கம் விவசாயத் தொழிலாளிக்குப் பென்ஷன் கொடுத்தது. மாதம் 45 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் வயலில் உழைத்தவனும் ஓய்வு பெறுகிற மனிதன் என்பதை ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டது. 2025 நவம்பரில் அந்த மாநிலத்தில் நலப் பென்ஷன் 2,000 ரூபாய் ஆயிற்று. பணம் வானத்திலிருந்து விழவில்லை. மனம் இருந்தது, பின்னால் சங்கம் இருந்தது.

இப்போது டீக்கடைத் தோழரின் கேள்விக்கு வருகிறோம்.

சர்க்கார் ஊழியர்கள் இருபது ஆண்டு சோராமல் போராடினார்கள். ராஜஸ்தான், பஞ்சாப், ஹிமாசலம் போன்ற மாநிலங்களில் 2022-லும் 2023-லும் பழைய பென்ஷனைத் திருப்பித் தருவதாக அரசாங்கங்கள் அறிவித்தன. கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று டில்லி கையை விரித்தது. ஆனாலும் டில்லியே பின்வாங்க நேர்ந்தது. 2025 ஏப்ரல் முதல் வந்த புதிய ஏற்பாட்டில் 25 ஆண்டு வேலை செய்த ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி உறுதி என்றார்கள். பத்து ஆண்டு வேலைக்குக் குறைந்தபட்சம் 10,000 ரூபாய் என்றார்கள். பழைய பென்ஷன் முழுதாக வரவில்லை, பிடித்தமும் நிற்கவில்லை. ஆனால் "உறுதி கொடுக்கவே முடியாது" என்று இருபது வருஷம் சொன்ன வாய் மூடிக்கொண்டது. 2026 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசாங்கமும் கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் திட்டத்தை அறிவித்தது.

அங்கே பத்து ஆண்டுக்குப் பத்தாயிரம் என்று எழுதினார்கள். மில்லில் பத்து ஆண்டுக்கு ஆயிரம் என்று வைத்ததும் அதே டில்லிதான். இதைக் கேட்டதும் நமக்கு யார் மேல் கோபம் வர வேண்டும்? குமாஸ்தா மேல் கோபப்பட்டால் கோடீஸ்வரனுக்குக் கொண்டாட்டம். அவன் விரும்புவதே அதுதான். "பார், அவனுக்கு இருக்கிறது, உனக்கு இல்லை" என்று நம்மிடம் வந்து ஓதுவான். அவனிடம் இருப்பதைப் பிடுங்கிய பிறகு நமக்கா கொண்டுவந்து கொடுப்பான்? 2003-ல் அவர்களிடம் பிடுங்கினானே, அதில் ஒரு படி அரிசியாவது நம் உலைக்கு வந்ததா?

நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருக்கு மாதம் 31,000 ரூபாய் பென்ஷன் என்று 2025-ல் அறிவித்தார்கள். அது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பொதுவாழ்வில் இருந்தவரும் வயதானால் சாப்பிட வேண்டும். பசி எல்லோருக்கும் ஒன்று என்றுதான் சொல்கிறோம்.

சர்க்கார் ஊழியத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊர்வலத்தில் நாங்கள் வருகிறோம். எங்கள் 1,000 ரூபாய்க்கும், வயலில் நிற்கும் பாட்டியின் 200 ரூபாய்க்கும் நீங்களும் கொடி தூக்கி வர வேண்டும். டீக்கடைத் தோழரின் மனத்தாங்கலில் நியாயம் இருக்கிறது. அதைப் போக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

வந்தியின் கூலியாளை ராஜா பிரம்பால் அடித்தான். அந்த அடி ராஜா முதுகிலும் விழுந்தது, மந்திரி முதுகிலும் விழுந்தது, நாட்டிலிருந்த அத்தனை பேர் முதுகிலும் விழுந்தது. நம் காலத்தில் ராஜா முதுகுக்கு அடி போவதில்லை. ஆனால் ஓர் உழைப்பாளி முதுகில் விழும் அடி மற்ற எல்லா உழைப்பாளிகள் முதுகிலும் விழுகிறது. அதை உணர்ந்தவன்தான் சங்கத்துக்காரன்.

நாளை முதல் செய்ய வேண்டிய வேலை இது. மில் தோழர்களே, உங்கள் பி.எஃப். கணக்கை எடுத்துப் பாருங்கள். எத்தனை ஆண்டு ஏறியிருக்கிறது, எத்தனை ஆண்டு விடுபட்டிருக்கிறது என்று எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். கிராமத்துத் தோழர்களே, அறுபது வயது கடந்தும் உதவிப்பணம் வராதவர்களின் பெயரைத் தெருத் தெருவாக எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு மேலூர் தாலுகா ஆபீசுக்கு எல்லோருமாகப் போவோம். மில்காரர்களும் வரவேண்டும், சர்க்கார் ஊழியர்களும் வரவேண்டும்.

ஆலைத் தொழிலாளிக்குப் பஞ்சப்படியோடு பென்ஷன்! வயல் தொழிலாளிக்கு மரியாதையான பென்ஷன்! சர்க்கார் ஊழியருக்குப் பழைய பென்ஷன்! மூன்றும் ஒரே கோரிக்கை, ஒரே போராட்டம்.

உழைப்பாளர் ஒற்றுமை ஓங்குக!