மணத்தை அளக்க முடியுமா?



வாழைப்பழம் கனிந்துவிட்டதை உரித்துப் பார்க்காமலேயே சொல்லிவிடுகிறோம். கள் புளித்துவிட்டதைக் கலயத்தின் அருகே சென்றதுமே அறிந்துகொள்கிறோம். இவற்றை நமக்குச் சொல்வது மூக்கு. அந்த மூக்கை எந்த அளவுக்கு நம்பலாம்? இன்று இதைப் பற்றிச் சிந்திப்போம்.

இனிப்புள்ள நீரில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் வளரும்போது எத்தனால் என்னும் சாராயம் உண்டாகிறது. அதனுடன் வேறு பல பொருள்களும் மிகச் சிறிய அளவில் பிறக்கின்றன. மதுவுக்கு மணம் தருபவை இவையே. ஐசோ அமைல் அசிட்டேட் வாழைப்பழ மணம் உடையது. டைஅசிட்டைல் வெண்ணெய் மணம் உடையது. கள்ளின் புளித்த நெடிக்கு அசிட்டிக் அமிலம் ஒரு காரணம். ஒரு லிட்டர் பீரில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் ஐசோ அமைல் அசிட்டேட் இருந்தாலே மூக்கு அதை உணர்ந்துவிடும்.

ஆயினும், எது எவ்வளவு இருக்கிறது என்று மூக்கால் கணக்குச் சொல்ல இயலாது. ரப்பர் பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதல்லவா? அளந்துதானே சொல்கிறார்கள்! மணத்தை அளக்கவும் ஒரு கருவி உண்டு. அதற்குக் கேஸ் குரோமட்டோகிராப் என்று பெயர். ஜேம்ஸ், மார்ட்டின் என்னும் இரு அறிஞர்கள் 1952ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இம்முறையை வெளியிட்டனர்.

அது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். சம்பள நாளில் லயத்திலிருந்து பலர் ஒன்றாகக் கடைத்தெருவுக்குப் புறப்படுகிறார்கள். ஒருவர் நேரே நடக்கிறார். மற்றொருவர் வழியில் காண்பவரிடமெல்லாம் நின்று பேசுகிறார். ஒன்றாகப் புறப்பட்டவர்கள் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்கிறார்கள். கருவிக்குள்ளும் இப்படித்தான் நடக்கிறது. ஒரு சொட்டினும் சிறிய அளவு மதுவைச் சூடாக்கி ஆவியாக்குகிறார்கள். மயிரிழை போன்ற துளையுடைய, சுமார் 30 மீட்டர் நீளமுள்ள சுருள் குழாய் வழியே அந்த ஆவியை ஹீலியம் போன்ற வாயு தள்ளிச் செல்கிறது. குழாயின் உட்பூச்சில் ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரம் தங்குகிறது. மறுமுனையில் ஒவ்வொன்றாக வெளிவந்து ஒரு சிறு தீச்சுடரில் எரிய, அதனால் உண்டாகும் மின்னோட்டம் கோடாக வரையப்படுகிறது. கோடு எழும் நேரம் பொருளின் பெயரைக் காட்டும். எழுச்சியின் பரப்பு அதன் அளவைக் காட்டும். அளவு தெரிந்த மாதிரியோடு ஒப்பிட்டு விடை காண்கிறார்கள்.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். எத்தனாலைப் போன்றே நிறமற்ற மெத்தனால் என்னும் நஞ்சு ஒன்று உண்டு. இரண்டின் மணமும் ஏறத்தாழ ஒன்றே. மலிவான கள்ளச் சாராயத்தில் மெத்தனாலைக் கலந்துவிட்டால் கைதேர்ந்த குடிகாரரின் மூக்கும் ஏமாந்துபோகும். தீயிட்டுப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் எத்தனால் 78 பாகையிலும் மெத்தனால் 65 பாகையிலும் கொதிப்பவை. கருவியில் இரண்டும் தனித்தனியே எழும்.

2018ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவால் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உடலுக்குள் மெத்தனால் பார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பைக் கெடுக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி அளவே உயிரைப் பறிக்கக்கூடும். குடித்தவுடன் வேறுபாடு தெரியாது. பல மணி நேரம் கழித்தே வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல், கண் மங்கல் ஆகியவை தோன்றும். இதை வெறும் போதை என்றெண்ணி அவரைத் தூங்கவிடக் கூடாது. மோர் கொடுத்தும் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தும் நேரத்தைப் போக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் அங்கேதான் கிடைக்கும். மீதமுள்ள மதுவையும் புட்டியோடு எடுத்துச் செல்லுங்கள்; அதைச் சோதித்து உண்மையைக் காணலாம். வெட்கத்தாலோ அச்சத்தாலோ எதையும் மறைக்க வேண்டாம்.

ஆய்வுக்கூடத்துக் கருவி நம் வீட்டுக்கு வராது. எனவே, எங்கிருந்து வந்ததென்று தெரியாத சாராயத்தைத் தொடாதிருப்பதே நம் கையிலுள்ள பாதுகாப்பு. இதை இன்றிரவே வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும்போது பேசுங்கள்.