புளிக்கு ஒட்டுக்கட்டப் பஞ்சாங்கம் எதற்கு?

(ஜமுனாமரத்தூர் சொற்பொழிவு)



இந்த ஜவ்வாது மலையில் புளியமரத்தை அறியாதவர் ஒருவரும் இருக்க முடியாது. பேய் குடியிருக்கும் மரம் எது என்று கேட்டாலும் அதையேதான் காட்டுவீர்கள். அம்மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அப்படியானால் பேயும் கூடவே கப்பலேறி வந்ததா என்று பூசாரிகளைக் கேட்கின்றோம்.

பேய் கிடக்கட்டும். புளி வைத்தால் பலன் பேரனுக்குத்தான் என்று நாம் சோர்ந்து போகின்றோமே, அதுவல்லவா பெரிய கேடு? கொட்டை முளைத்து மரமாகிக் காய்க்க எட்டு, பத்து வருஷம் ஆகின்றது. அப்போதும் என்ன காய் வரும் என்பது நிச்சயமில்லை. பூவில் எந்த மரத்து மகரந்தம் சேர்ந்ததோ யார் கண்டார்? சதை பெருத்த மரத்தின் கொட்டையிலிருந்து சூம்பற் காய் மரமும் வரலாம். (வம்சத்தைச் சொல்லி யோக்கியதை கொண்டாடுகிறவர்கள் இதைச் சற்றுக் கவனிப்பார்களாக.)

ஒட்டுக்கட்டிய கன்றோ நாலைந்து வருஷத்தில் காய்க்கும். தாய்மரத்தின் குணத்திலேயே காய்க்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம். 1 புளியும் நாட்டு மரங்களில் பொறுக்கி எடுத்து ஒட்டினால் பெருக்கப்பட்டதே தவிர, எந்த ரிஷியின் வரத்தாலும் வந்ததல்ல.

இதற்கு நாள் பார்க்க ஜோசியரிடம் போக வேண்டியதில்லை. காய் உலுக்கி முடிந்து, கிளை நுனியில் மொட்டுப் புடைக்கும் இந்தப் பங்குனி, சித்திரையே நாள். நன்றாகக் காய்க்கும் மரத்தில் பென்சில் கனமுள்ள குச்சியைத் தேர்ந்து, பத்து நாள் முன்பே இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். அதே கனமுள்ள கொட்டைக் கன்றின் தலையை வெட்டி, நடுவில் இரண்டு அங்குலம் பிளந்து, குச்சியின் அடியை ஆப்புப்போல் சீவிச் செருக வேண்டும். பட்டைக்கு அடியிலுள்ள பச்சைப் படலம் இரண்டிலும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். உயிர் இருப்பது அங்கேதான். பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்டி, குச்சிக்கு மேல் பாலிதீன் உறை மாட்டி, நிழலில் வைத்தால் மூன்று, நான்கு வாரத்தில் துளிர்க்கும்.

சில பட்டுப்போகும். உடனே, வீட்டுக்கு விலக்கான பெண் தொட்டுவிட்டாள் என்று அவள்மேல் பழி போடுகிறார்கள். மொண்ணைக் கத்திக்கும், சீவியபின் காய்ந்துபோன குச்சிக்கும், கட்டுக்குள் புகுந்த தண்ணீருக்கும் அவளா ஜவாப்தாரி? பெண்களும் கத்தியைக் கையில் எடுக்கட்டும்.

ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். அவை பழைய கன்றினுடையவை. விட்டால் ஒட்டையே கொன்றுவிடும். மழை பிடித்ததும் 30 அடிக்கு ஒன்றாக நடுங்கள். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும்.