மானியம் வரும், போகும், சந்தாதான் நிற்கும்

(மும்பையில் நடைபெற்ற நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில், தமிழ்–மராத்தி நட்புறவுக் குழுவுக்கு அரசு மானியம் கோருவது பற்றிய தீர்மானத்தின் மீது, ரயில்வே ஊழியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஒருவர் நிகழ்த்திய உரை)

 

நமது நட்புறவுக் குழுவுக்கு மானியம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் முன்வைக்கப்பட்டிருக்கிறது. "அரசாங்கப் பணம் வந்தால் அரசாங்கத்தின் கையும் கூடவே வரும், வேண்டாம்" என்று சில தோழர்கள் பேசினார்கள். "நம்மிடம் காசு எங்கே இருக்கிறது? கொடுப்பதை வாங்கிக்கொள்வோம்" என்று வேறு சிலர் பேசினார்கள். என்னைக் கேட்டால், வாங்கலாமா கூடாதா என்பதைவிட, அந்தப் பணத்தை எதில் போடப் போகிறோம் என்பதுதான் முக்கியமான கேள்வி. இதற்கு நம் நாட்டு நட்புறவுக் கழகங்களின் வரலாறே பதில் சொல்லும்.

இந்திய–சோவியத் கலாச்சாரக் கழகத்தை மூத்த தோழர்கள் அறிவார்கள். 'இஸ்கஸ்' என்று சொன்னால் உடனே விளங்கும். 1952இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. இதே பம்பாயின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஏ.வி. பாலிகா அதற்குத் தலைமை தாங்கினார். மாஸ்கோவில் நமது தூதராக இருந்த கே.பி.எஸ். மேனன் பின்னாளில் தலைமை தாங்கினார். எத்தனை கிளைகள், எத்தனை ரஷ்ய மொழி வகுப்புகள், எத்தனை திரைப்பட விழாக்கள்! படம் அங்கிருந்து வந்தது, புத்தகம் வந்தது, நாட்டியக் குழு வந்தது, தூதுக்குழுக்களுக்கு அழைப்பு வந்தது. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. வந்துகொண்டிருந்தவை நின்றன. கிளைகள் பலவற்றில் விளக்கு அணைந்தது. சோவியத் நாட்டின் மீது நம் மக்களுக்கு அன்பு இல்லாமல் போய்விட்டதா? இல்லை. அன்பு இருந்தது, மாதா மாதம் சந்தா கேட்டு வீட்டுக் கதவைத் தட்டும் வழக்கம் போதுமான அளவு வேரூன்றவில்லை என்பதே என் கருத்து.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் 1951இல் சென்னையில் தொடங்கப்பட்டது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்டு அனுப்பிய மலிவு விலை நூல்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றது. 1991க்குப் பிறகு அந்த நூல்கள் நின்றுவிட்டன. ஆனால் அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. ஏன்? மலிவு நூல்களைக் கொண்டு அது தமிழ்நாட்டில் வாசகர்களைச் சம்பாதித்து வைத்திருந்தது. தானே நூல்கள் வெளியிடவும் கற்றிருந்தது. உதவி ஒன்றுதான், ஓரிடத்தில் அது விழாவாகக் கரைந்தது, இன்னோரிடத்தில் ஆட்களாகச் சேர்ந்தது.

இன்னொரு சான்று. அலியான்ஸ் பிரான்சேஸ் 1883இல் பாரிசில் தோன்றியது. 1889இலேயே புதுச்சேரிக்கு வந்துவிட்டது. இந்தியாவில் உள்ள அலியான்ஸ்கள் இங்கேயே பதிவு செய்யப்பட்ட சங்கங்கள். இங்குள்ளவர்களே நிர்வாகக் குழுவில் இருக்கிறார்கள். பிரெஞ்சு அரசு இயக்குநரை அனுப்புவது போன்ற உதவிகளைச் செய்கிறது. ஆனால் அன்றாடச் செலவுக்கு முதுகெலும்பு மொழி வகுப்பில் சேருகிறவர் கட்டும் கட்டணம். அந்த நாட்டோடு உறவு சற்றுக் கசந்தாலும் வகுப்பு நடக்கும். கட்டணம் கட்டியவர் வந்து உட்காருவார்.

அரசுகளின் உறவு கசந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1951இல் பண்டித சுந்தர்லால் தலைமையில் இந்திய–சீன நட்புறவுக் கழகம் அமைந்தது. 1962 போர் அதற்குப் பெரும் அடியாக விழுந்தது. ஆனால் சோலாப்பூரில் பிறந்து, மக்களிடம் திரட்டிய நிதியில் 1938இல் சீனா சென்ற மருத்துவக் குழுவில் ஒருவராகப் போய், 1942இல் அங்கேயே உயிர்நீத்த டாக்டர் கோட்னிசின் பெயரை எந்தப் போரும் அழிக்கவில்லை.

தோழர்களே, இனி நம் கணக்குக்கு வருவோம்.

ஒரு பேச்சுக்கு, ஓர் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் மானியம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மண்டபம், மைக், பந்தல், நாட்டியக் குழு, பொன்னாடை, சாப்பாடு என்று ஒரே இரவில் அதைத் தீர்த்துவிடலாம். மறுநாள் காலையில் மிஞ்சுவது ஒரு குரூப் போட்டோ.

வேறு விதமாகவும் செய்யலாம். தமிழருக்கு மராத்தி சொல்லித்தர ஒருவர், மராத்தியருக்குத் தமிழ் சொல்லித்தர ஒருவர். ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,20,000. பாடப் புத்தகங்களுக்கும் சிறு நூலகத்துக்கும் 1,20,000. உறுப்பினர் சேர்ப்புக்கு, ரசீதுப் புத்தகம், பதிவேடு, கணக்குத் தணிக்கை உட்பட, 60,000. மொத்தம் 3 லட்சம். ஆண்டு முடிவில் மாதம் 50 ரூபாய் கட்டும் 150 உறுப்பினர்கள் நின்றால், ஆண்டுக்கு 90,000. வகுப்பில் 60 பேர் ஆளுக்கு 500 கட்டினால் 30,000. கூட்டிப் பாருங்கள்: 1,20,000. ஆசிரியர் இருவரின் ஊதியம் வந்துவிட்டது! மானியம் நின்றாலும் வகுப்பு நிற்காது.

ஆகவே என் திருத்தம் இது: மானியம் கேட்போம், ஆனால் உறுப்பினரைச் சேர்க்கும் வேலைக்கே கேட்போம். விழாவுக்கு வேண்டிய பணத்தை நன்கொடையாகத் திரட்டிக்கொள்வோம்.

அடுத்து, சட்டத்தை மறந்துவிடக் கூடாது. 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். மகாராஷ்டிரத்தில் 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டப்படி அறநிலைய ஆணையரிடமும் பதிவு வேண்டும். நிர்வாகிகள் மாறினால் 90 நாளுக்குள் மாற்ற அறிக்கை தர வேண்டும். தேர்தல் நடத்திவிட்டு இந்தக் காகிதத்தைக் கொடுக்காமல் விட்டால், காகிதத்தில் பழைய நிர்வாகியே நிர்வாகி. மானிய அலுவலகம் நம்மைத் திரும்பிப் பார்க்காது. மத்திய அரசின் மானியம் என்றால், நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். மானியத்தில் வாங்கிய அலமாரியைக்கூட அனுமதி இல்லாமல் விற்க முடியாது. இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மக்கள் பணத்துக்குக் கணக்கு கேட்பது நியாயமே.

வெளிநாட்டில் வாழும் நண்பர்களிடம் கேட்கலாம் என்று ஓர் இளைஞர் சொன்னார். வெளிநாட்டு நிதிச் சட்டம் 1976இல் வந்தது; அதன் இடத்தில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டில்லியிலுள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும்; நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவு பெற்ற பத்திரிகையின் ஆசிரியரும் வெளியீட்டாளரும், அரசியல் தன்மையுள்ள அமைப்பும் அதை வாங்கவே முடியாது. நாமோ அரசியல் மாத இதழ் நடத்துகிறவர்கள். எனவே அந்தப் பேச்சை இத்தோடு விடுவோம். நட்புறவுக் குழுவையும் தனிப் பதிவு, தனிக் கணக்கு, தனி வங்கிப் புத்தகத்தோடு நடத்துவோம். இதழில் நாம் அரசை விமர்சிப்போம். அந்த உரிமையை எந்த மானியத்துக்காகவும் அடகு வைக்க மாட்டோம்.

கடைசியாக, உறுப்பினர் சேர்ப்பு எப்படி? எங்கள் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுகளில் ஊழியர் நல நிதியின் உதவியும் உண்டு, உறுப்பினர் சந்தாவும் உண்டு. அந்தச் சந்தா சம்பளப் பட்டியலிலேயே பிடிக்கப்படுகிறது. நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஒவ்வொரு சாலுக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவர் சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும், காசு வாங்கிய கையோடு ரசீது கொடுக்க வேண்டும். பெண்களைத் தனி உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். கணவன் பெயரில் ஒரு குடும்பம் என்று எழுதக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, செயற்குழுவில் பாதிப் பேர் மராத்தியராக இருக்க வேண்டும். ஒரு கை தட்டினால் ஓசை வருமா?

இதையெல்லாம் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? 1966இல் இந்த நகரில் சிவசேனை தோன்றி, தென்னிந்தியருக்கு எதிரான பிரச்சாரம் கிளம்பியபோது, உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. அந்த மாதிரி நாளில் மேடையில் வாங்கிய பொன்னாடை நம்மைக் காக்காது. பக்கத்துக் கோலியில் இருக்கும் மராத்திக் குடும்பம் நம் வாசலில் வந்து நின்றால்தான் காக்கும். அந்தக் குடும்பம் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாமும் அவர்கள் மொழியைப் படித்திருக்க வேண்டும். மகாராஷ்டிரப் பள்ளிகளில் மராத்தி கட்டாயம் என்று 2020இல் சட்டம் வந்துவிட்டது. பிள்ளைகள் படித்துக்கொள்கிறார்கள், பின்தங்கி நிற்பது பெற்றோராகிய நாம்தான்.

நமக்குள் உறவு நேற்று வந்ததும் அல்ல. தஞ்சையில் ஏறத்தாழ 180 ஆண்டுகள் மராட்டியர் ஆண்டார்கள். பெரிய கோயில் சுவரில் 1803இல் சரபோஜி மன்னர் வெட்டுவித்த மராத்திக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. சரஸ்வதி மகால் நூலகத்தில் மராத்திச் சுவடிகள் கிடக்கின்றன. நம் தமிழ் வகுப்புக்கு வரும் மராத்தி நண்பரிடம் முதல் பாடமாக இதைச் சொல்லலாம்.

ஆகவே தோழர்களே, தீர்மானத்தை என் திருத்தத்தோடு நிறைவேற்றுங்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன், இங்கே இருப்பவர் ஒவ்வொருவரும் ஒரு தமிழரையும் ஒரு மராத்தியரையும் உறுப்பினராக்கி இரண்டு ரசீது கிழித்துக்கொண்டு வாருங்கள். அந்த ரசீதுகளின் அடிக்கட்டையை விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புவோம். மானியம் கிடைத்தால் வேலை விரைவாக நடக்கும். கிடைக்காவிட்டால் மெதுவாக நடக்கும். நடக்காமல் போகக் கூடாது.