பாறைச் சரிவில் ஒரு பருப்பு மரம்

செம்பூரை அடுத்த திலக் நகரில் ஆடி மழை ஓயாது பெய்த ஒரு மாலையில், அலுவலக நண்பர் ஒருவர் தம் ஊரினின்றும் கொணர்ந்த ஒரு பிடி சில்கோசாப் பருப்பை நமக்கு அளித்தார். மழையைப் பார்த்தவாறே அதைக் கொறித்தோம். மழை அரிதாகிய மலைச்சரிவின் விளைச்சலையே உண்டோம் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

நண்பரின் ஊர் இமாசலப் பிரதேசத்துக் கின்னௌர் மாவட்டம். சட்லெஜ் நதி பாறையைக் குடைந்தோடும் நாடு அது. முன்நிற்கும் மலைத்தொடர்கள் பருவமழையைத் தடுத்துவிடுவதால், மேற்கின்னௌர் நிலத்தைப் பெரிதும் நனைப்பது குளிர்காலப் பனியே. ஏறத்தாழ 1,800 முதல் 3,300 மீட்டர் உயரத்தில், பாறை இடுக்குகளில் வேரூன்றி நிற்கிறது சில்கோசா பைன் மரம். அதன் ஊசியிலைகள் மும்மூன்றாய்ச் சேர்ந்திருக்கும். பட்டை கொய்யா மரத்தினதைப்போல் திட்டுத்திட்டாய் உரியும். இன்னும் மேலே ஜூனிப்பர் புதர்கள் வளர்கின்றன. அவற்றின் தழையே பௌத்த ஆலயங்களில் நறும்புகையாகிறது.

அமெரிக்காவின் யூட்டா, கொலராடோ மணற்பாறைச் சரிவுகளிலும் பின்யோன் பைனும் ஜூனிப்பரும் இவ்வாறே கூடி வாழ்கின்றன. அங்கே நீலநிறப் பறவையொன்று பைன் விதைகளை மண்ணில் புதைத்து வைக்கிறது. அது எடுக்க மறந்தவை முளைத்து மரமாகின்றன.

மனிதரோ மறப்பதில்லை. கின்னௌரில் காய்கள் விரியுமுன்னரே பறிக்கப்படுகின்றன. சிற்சில இடங்களில் கிளைகளும் வெட்டுண்கின்றன. காய் முதிர இரண்டாம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். விதை நிலத்தில் விழாவிடில் இளங்கன்று ஏது? தாம் சிறுவராய்க் கண்ட கிழமரங்களே இன்றும் நிற்கின்றன, கன்றுகளைக் காண்பது அரிது என்று நண்பர் வருந்தினார்.

‘விதைநெல்லைக் குத்தித் தின்னலாகாது’ என்பது நம் உழவர் நெறி. மரந்தோறும் சில காய்களை விட்டுவைத்தல் அந்நெறியே ஆகும். ஆனால் அக்காய்களே மலைவாழ் குடும்பத்தின் ரொக்க வருவாய். விட்டுவைப்பதன் இழப்பை அவர்மீது மட்டும் சுமத்துதல் முறையாகுமா? நகரத்தில் இருந்து உண்ணும் நாமும் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து அதைப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளராகிய நாம், இம்மரத்தைத் ‘தேவதாரு’ என எழுதிவிடலாமா என்று முதலில் எண்ணினோம். தேவதாரு வேறு மரம். ஆகவே ‘சில்கோசா’ என்னும் பெயரையே வைத்துக்கொண்டோம்.