சிவப்பணுச் சவ்வும் ஒரு கலைச்சொல்லும்



நீரிழிவை இந்நாட்டில் நம்மவர் ‘இனிப்பு நீர்’ என்பர். மலாயில் வழங்கும் ‘கெஞ்சிங் மானிஸ்’ என்பதை அப்படியே தமிழாக்கியது போன்ற பெயர் அது. அப்பெயர் நோயைச் சிறுநீரில் காண்கிறது. சீனியோ குருதியில் வினையாற்றுகிறது. இன்று குருதிக்குள்ளும் நுணுகிச் சென்று, ஒரு சிவப்பணுவின் சவ்வில் நிற்போம்.

அச்சவ்வு கொழுப்புப் பொருளாலான ஈரடுக்கு. இடையிடையே புரதங்கள் பதிந்தது. இருபுறமும் உப்பு கலந்த நீர்மம். நடுவே மின்சாரத்தை எளிதில் விடாத மெல்லிய படலம். ஆகவே அது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும். 1925இல் ஹியூகோ ஃபிரிக்கே இத்தேக்கத்தை அளந்து, படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 3.3 நானோமீட்டர் எனக் கணித்தார். மின்னணு நுண்ணோக்கி தோன்றுமுன்னரே செய்த கணிப்பு!

குளுக்கோசு மின்னூட்டமற்ற மூலக்கூறு. அது எவ்வாறு சவ்வின் மின்பண்பை மாற்றும்? 2003இல் ஹயாஷி, ஃபெல்ட்மன் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், டி-குளுக்கோசின் செறிவு மாறியபோது சவ்வின் மின்பண்பும் மாறியது. அதன் ஆடிப்பிம்ப வடிவமாகிய எல்-குளுக்கோசைச் சேர்த்தபோது மாறவில்லை. இரண்டிற்கும் அணுக்கள் ஒன்றே, எடையும் ஒன்றே. அமைந்த திசைதான் வேறு. எனவே கரைசலின் அடர்த்தி மட்டும் இம்மாற்றத்துக்குக் காரணமாகாது. சவ்வே ஒன்றை இனங்கண்டு மற்றொன்றை விலக்குகிறது. குளுக்கோசை உள்ளே கடத்தும் குளூட்-1 என்னும் புரதமும் டி-வடிவையே ஏற்கும். ஒரே கூற்றின் வேறுபாட்டால் பொருள் மாறும் ஒலியன்களோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு இது வியப்பன்று, மகிழ்ச்சி.

இனிச் சொல்லுக்கு வருவோம். கெப்பாசிட்டன்ஸ் தமிழகத்தில் ‘மின்தேக்குத்திறன்’, இலங்கையில் ‘கொள்ளளவம்’. செல், கலம், உயிரணு மூன்றும் ஒன்றே. இவற்றால் பெருந்தீங்கில்லை; ஓர் அடிக்குறிப்பு போதும். எனக்குக் கவலை தருவது ‘சவ்வு மின்னழுத்தம்’. சிவப்பணுவில் அது ஏறத்தாழ 10 மில்லிவோல்ட்டு அளவினதே. நோயாளிக்கான கையேட்டில் ‘மின்’ விடுபட்டுச் ‘சவ்வின் அழுத்தம்’ என அச்சேறினால், இரத்த அழுத்தமும் உடைய முதியவர் அதை எவ்வாறு கொள்வார்? இரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ துணிந்துவிடலாம்.

இலங்கையார் இங்கு விழிப்பாக இருந்தனர். பிரஷர் அவர்களுக்கு ‘அமுக்கம்’, பொட்டென்ஷியல் ‘அழுத்தம்’. நாமோ இரண்டையும் ஒரு சொல்லில் அடைத்தோம். ‘இரத்த அழுத்தம்’ மக்கள் நாவில் ஊன்றிவிட்டமையால் அப்பாகுபாட்டை இன்று இங்கே நடுதல் அரிது. ஆதலின் பாடநூலில் ‘மின்னழுத்தம்’ இருக்கட்டும். கையேட்டில் மட்டும் ‘சவ்வின் இருபுற மின்வேறுபாடு’ என எழுதுமாறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன். சொல் நீளும் என்பர், நீளட்டும்.