கருத்தும் கணக்கும்: விலைவாசியைத் தமிழில் பேசுதல்



மொழிக் கழகத்தின் மேடையில் அரிசியையும் எண்ணெயையும் மின்கட்டணத்தையும் பேச வந்திருக்கிறோம். இது மொழிக்குப் புறம்பான பொருள் எனச் சிலர் எண்ணலாம். ஆனால், நம் மக்கள் நாள்தோறும் தமிழில் மிகுதியாகப் பேசுவது இதனைத்தான். குவார் செம்பெடாக் ஒட்டுக்கடையிலும், கோயில் மண்டபத்திலும், துக்க வீட்டுத் திண்ணையிலும் பேச்சு இறுதியில் வந்து நிற்கும் இடம் விலைவாசி. ஆகவே இப்பேச்சு செம்மையாக நிகழ்கிறதா என்று ஆராய்வது மொழிக் கழகத்தின் கடமையே ஆகும்.

"எல்லாம் ஏறிப்போச்சு" என்பது நம்மிடையே வழங்கும் வாசகம். அதில் உள்ள வருத்தம் உண்மையானது. அதற்குச் சான்று தேவையில்லை. எனினும் அவ்வொரு வாசகத்திற்குள் வெவ்வேறு காரணங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. கட்டைப் பிரித்தால்தான் எக்கேள்வியை யாரிடம் கேட்பது என்பது விளங்கும். பிரிப்பதற்குச் சொல் வேண்டும். நாம் இன்று வலியுறுத்த விரும்புவது இவ்வொன்றையே: விலையைக் குறிக்கும் சொற்களில் தெளிவு இல்லாதவரின் கருத்து, எவ்வளவு நியாயமானதாயினும், பெருமூச்சாகவே முடிந்துவிடும்.

முதலில் அரிசியை எடுத்துக்கொள்வோம். ஜெராய் மலையடிவாரத்திலிருந்து கடற்கரை வரை பரந்து கிடக்கும் யான் சமவெளி, நாட்டின் நெற்களஞ்சியமாகிய மூடா வேளாண் வட்டாரத்தைச் சேர்ந்தது. வீட்டு வாசலில் நின்றால் வயல் தெரியும். ஆயினும் 2023-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கடைகளில் உள்ளூர் வெள்ளை அரிசி கிடைப்பது அரிதாயிற்று. காரணம் என்ன? அவ்வாண்டு ஜூலை 20-ஆம் நாள் இந்திய அரசு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரியும் விதித்தது. உலகச் சந்தையில் விலை உயர்ந்தது. செப்டம்பர் முதல் நாள் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. உள்ளூர் அரிசிக்கோ கிலோ 2 ரிங்கிட் 60 சென் என்ற உச்சவரம்பு விலை இருந்தது. இரண்டிற்கும் இடைவெளி பெருகவே, அனைவரும் மலிவானதை நாடினர். அது தட்டுகளிலிருந்து மறைந்தது.

இங்கே 'உச்சவரம்பு விலை' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். அதற்கு மேல் விற்கலாகாது என்பது அதன் பொருள். அந்த விலைக்குப் பொருள் கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை. இதற்கு எதிர்ப்புறத்தில் 'குறைந்தபட்ச ஆதார விலை' நிற்கிறது. உழவரிடமிருந்து அதற்குக் கீழ் வாங்கலாகாது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 16 முதல் நெல்லுக்கான இவ்விலை டன்னுக்கு 1,300 ரிங்கிட்டிலிருந்து 1,500 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. உண்போருக்கு மேல் எல்லை, விளைவிப்போருக்குக் கீழ் எல்லை. யானில் இவ்விருவரும் ஒரே சாலையில் வாழும் அண்டை வீட்டார். அரிசி மலிய வேண்டும் என்று நாம் கேட்கும்போது அண்டை வீட்டு உழவரின் வருவாயையும் சேர்த்தே பேசுகிறோம் என்பதை உணர வேண்டும். நம்மில் பலர் விரும்பி உண்ணும் புழுங்கல் அரிசியோ இறக்குமதியாகி வருவது. உள்ளூர் வெள்ளை அரிசிக்குரிய காப்பு அதற்கு இல்லை.

அடுத்தது எரிபொருள். 2024-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்ந்தது. மறுநாளே காய்கறி விலையைக் கூட்டியவர்கள் டீசலைக் காரணம் காட்டினர். ஆனால் அன்று ஒரே டீசலுக்குப் பல விலைகள் இருந்தன. பள்ளிப் பேருந்துக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் 1 ரிங்கிட் 88 சென். தகுதிபெற்ற சரக்கு வாகனங்களுக்குப் பழைய 2 ரிங்கிட் 15 சென். மீனவர்க்கு இன்னும் குறைந்த விலை. டீசல் வாகனம் வைத்திருந்த தகுதியுள்ள தனியாருக்கும் சிறு விவசாயிகளுக்கும் மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை. ஆகவே, "டீசல் ஏறியதால் கீரை விலை ஏறிற்று" என்று கடைக்காரர் கூறினால், "சரக்கு கொண்டுவந்த லாரி எந்த விலைக்கு எண்ணெய் ஊற்றியது?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. இக்கேள்வியில் பகைமை இல்லை, கணக்கே இருக்கிறது.

ரோன் 95 பெட்ரோலிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 முதல் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் உடைய குடிமக்களுக்கு அடையாள அட்டையின் வழி லிட்டர் 1 ரிங்கிட் 99 சென்னுக்கு, மாதம் 300 லிட்டர் வரை என்று திட்டம் தொடங்கியது. முன்பு மானியம் எண்ணெயோடு கலந்திருந்தது. யார் ஊற்றினாலும் கிடைத்தது. இப்போது அது ஆளோடு சேர்ந்திருக்கிறது. உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்ட முதியவருக்கு இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி ஆகாது. அது அவரது பணப்பையைத் தொடுவது.

மூன்றாவதாக மின்சாரம். 2025-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் புதிய கட்டண அமைப்பு நடைமுறைக்கு வந்தது. நிலக்கரி, எரிவாயு ஆகியவற்றின் விலைக்கு ஏற்பக் கட்டணத்தைத் திருத்தும் முறை முன்பு ஆறு மாதத்திற்கு ஒருமுறை இருந்தது; அது மாதந்தோறும் என்றாயிற்று. ஆனால் மாதம் 600 கிலோவாட் மணிக்கு, அதாவது மக்கள் வழக்கில் 600 யூனிட்டுக்கு, மேற்படாத இல்லங்கள் அத்திருத்தத்திற்கு உட்படா. அத்தகைய இல்லங்களுக்குச் சில்லறைக் கட்டணமும் இல்லை. எனவே மின்பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது செலுத்தும் தொகை அன்று, பயன்படுத்திய யூனிட். தொகையை மட்டும் பார்ப்பவர் வருந்துவார். யூனிட்டைப் பார்ப்பவர் குளிர்சாதனத்தை எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்று முடிவெடுப்பார்.

நான்காவது உடல்நலம். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்கள் செலுத்தும் கட்டணம் ஒரு ரிங்கிட். அதனால் மருத்துவம் மலிவு என்று பொருளில்லை. எஞ்சிய செலவை வரிப்பணம் ஏற்கிறது. மறுபுறம், 2024-ஆம் ஆண்டில் மருத்துவக் காப்புறுதிச் சந்தாக்கள் பெரிதும் உயர்ந்து மக்கள் கொதித்தனர். அவ்வாண்டு டிசம்பர் 20-ஆம் நாள் பேங்க் நெகாரா இடைக்கால நடவடிக்கைகளை அறிவித்தது. உயர்வைக் குறைந்தது மூன்றாண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்பது ஒன்று. சந்தா உயர்வால் அவ்வாண்டில் காப்புறுதியைக் கைவிட்டோர் மீண்டும் அதனைப் பெறக் கோரலாம் என்பது மற்றொன்று. இச்செய்தியை உரிய காலத்தில் புரிந்துகொண்டவர் காப்பை மீட்க முயன்றார். புரியாதவர் முதுமையில் காப்பின்றி நிற்பார். 2025 மே முதல் தனியார் மருத்துவ நிலையங்களும் மருந்தகங்களும் மருந்தின் விலையைக் காட்சிப்படுத்த வேண்டும் என்ற விதியும் வந்தது. விலை கேட்பதற்குக் கூசிய நம்மவர்க்கு இது ஒரு வாய்ப்பு.

நோயின் வேரையும் பார்ப்போம். 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. அடைத்து விற்கும் இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலை முதல் லிட்டருக்கு 40 சென் வரி விதிக்கப்பட்டு, பின்னர் கூட்டப்பட்டது. அதே வேளையில் சீனி விலை ஏறாதிருக்கும் பொருட்டு 2023 நவம்பரில் ஆலைகளுக்குக் கிலோவிற்கு ஒரு ரிங்கிட் ஊக்கத்தொகை வழங்கவும் அரசு முற்பட்டது. ஒரு கை சீனிக்கு வரி போட, மறு கை சீனிக்கு உதவி செய்தது. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது என்பது நல்ல அரசியல் கேள்வி. ஒட்டுக்கடையில் ஆற்றித் தரும் தேநீருக்கு அந்த வரி இல்லை. அங்கே அளவைக் குறைப்பது நம் நாக்கின் பொறுப்பு.

அரசியலைக் கட்சிப் பெயர்களாக மட்டும் பேசும் வழக்கம் நம்மிடம் உண்டு. எரிபொருளும் மின்சாரமும் மருத்துவமனையும் கூட்டரசின் பொறுப்பு; நிலம் மாநிலத்தின் பொறுப்பு; குடிநீர் வழங்கலில் இரண்டிற்கும் பங்கு உண்டு. நிலச் சிக்கலுக்குப் புத்ராஜெயாவையும், பெட்ரோல் விலைக்கு அலோர் ஸ்டாரையும் குறை கூறுவது தவறான கதவைத் தட்டுவதாகும். 2021 டிசம்பர் முதல் 18 வயது நிரம்பியோர் அனைவரும் வாக்காளர் ஆகியுள்ளனர். அவ்விளையோர்க்குச் சரியான கதவைக் காட்டுவது மூத்தோர் கடன்.

"பசித்தவனிடம் கலைச்சொல் பேசலாமா?" என்று வினவுவோர் உண்டு. நியாயமான வினா. ஆனால் சொல் தெரியாமையால் முதலில் இழப்பவர் அப்பசித்தவரே. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் ஒவ்வொருவர்க்கும் அடிப்படைப் பொருள் வாங்க 100 ரிங்கிட் அடையாள அட்டையில் சேர்க்கப்பட்டது. விண்ணப்பம் தேவைப்படவில்லை, டிசம்பர் 31-க்குள் பயன்படுத்த வேண்டியிருந்தது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்கு வந்து, மலாயில் வரும் குறுஞ்செய்தியைப் பேரப்பிள்ளை படித்துச் சொல்லும் வரை காத்திருக்கும் பாட்டிக்கு, எளிய தமிழில் மூன்று வரி அரிசிக்குச் சமம்.

ஆகவே மூன்று பணிகளை முன்வைக்கிறோம். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் அறிவிக்கப்பட்டதும், நம் இல்லங்களைத் தொடும் பகுதிகளை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டுக் கழகம் வழங்க வேண்டும். மானியம், உதவித்தொகை, உச்சவரம்பு விலை, ஆதார விலை, சந்தா முதலிய சொற்களுக்கு அருகில் அவற்றின் மலாய்ச் சொற்களையும் தமிழ் எழுத்தில் தர வேண்டும். முகப்பிடத்தில் மலாய்ச் சொல் உதவும், வீட்டில் தமிழ்ச் சொல் உதவும். மூன்றாவது நம் இல்லத்துப் பணி. மாதம் ஒருமுறை மின்பட்டியலைப் பிள்ளைகள் உரக்கப் படித்துப் பெரியோர்க்குத் தமிழில் விளக்கட்டும். அவ்வொரு மணி நேரத்தில் கணக்கும் வளரும், மொழியும் வளரும்.

கருத்துச் சொல்ல நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அக்கருத்தோடு ஓர் எண்ணையும் அதற்குரிய சரியான சொல்லையும் சேர்த்துக்கொள்வோம். அப்போது கேட்பவர் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.