கொல்லைத் தோட்டத்துப் பூச்சிக்கு மிளகாய்க் கரைசல்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்திற்குரிய உபந்நியாசம்)



கிணற்றடித் தண்ணீர் வீணே ஓடும் இடத்தில் நாலு கத்தரிச் செடியும், பத்து வெண்டையும், ஓர் அவரைப் பந்தலும் வைத்திராத குடியானவர் வீடு அருமை. இப்பயிருக்குப் பெரும்பாலும் விதைச் செலவும் இல்லை, ஆள் கூலியும் இல்லை. வீட்டு ஸ்திரீகளின் கைப்பாடே அதன் மூலதனம். ஆனால் பனிக் காலம் வந்ததும் அவரைக் கொழுந்தில் அசுவிணி கறுப்பாய் அப்பிக் கொள்கிறது. வெண்டை இலையின் அடியில் வெள்ளை ஈ குடியேறுகிறது. அப்பொழுது வீட்டார் செய்வது யாது? வயலுக்கென்று வாங்கிய மருந்தில் மிச்சமிருப்பதை ஒரு மூடி கலந்து தெளித்து விடுகின்றனர். மூன்றாம் நாள் அதே அவரைக்காய் குழம்பில் வேகிறது.

வயற்பயிருக்கு மருந்தடித்தால் அறுவடைக்கு முன் இத்தனை நாள் கழிய வேண்டும் என்ற கணக்கு உண்டு. கொல்லைத் தோட்டத்தில் அக்கணக்கு நிற்பதில்லை. காய் தினந்தோறும் பறிக்கப்படுகிறது, கீரை நினைத்தபோது கிள்ளப்படுகிறது. மானோகுரோட்டோபாஸ் என்னும் மருந்தைக் காய்கறிகள் மீது பிரயோகிக்கலாகாதென்று இந்திய அரசாங்கம் 2005-ஆம் ஆண்டிலேயே தடுத்தது. அதே மருந்து சமையல் எண்ணெயில் கலந்திருந்ததனால் 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பீகார் மாகாணத்துச் சாரண் ஜில்லாவில், பள்ளிக்கூடத்து மத்தியான உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். அடுக்களையும் மருந்துப் புட்டியும் அருகருகே இருப்பதன் ஆபத்தை இதற்கு மேல் விளக்க வேண்டுவதில்லை. வீட்டுக் காய்க்கு வேறொரு வழி தேடுவது சிக்கனத்துக்காக மாத்திரமன்று என்பதை அங்கத்தினர்கள் முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

அவ்வழி அடுக்களையிலேயே இருக்கிறது. மிளகாய் இந்நாட்டுப் பண்டமன்று. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துகீசியர் கப்பல் வழியாக வந்தது. அதற்கு முன்னர் இங்கே காரத்துக்கு மிளகுதான். மிளகைப் போல் காரமுள்ள காய் என்பதனால் மிளகாய் என்று பெயரிட்டு நம்மவர் அதனைச் சொந்தமாக்கிக் கொண்டனர். இராமநாதபுரம் ஜில்லாவின் வானம் பார்த்த நிலத்தில் விளையும் முண்டு மிளகாய்க்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதன் காரத்துக்குக் காரணம் காப்சைசின் என்னும் சத்து. அது விதையில் இருப்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்மையான தசையிலேயே அது மிகுதி. பறவைகளுக்கு இக்காரம் உறைப்பதில்லை, ஆகையால் கிளி மிளகாயைத் தின்னும். அணிலுக்கும் எலிக்கும் உறைக்கும். மெல்லுடல் கொண்ட பூச்சிகளுக்கும் அது தொல்லை தருகிறது. சிலவற்றைக் கொல்வதும் உண்டு, ஆனால் பெரும்பாலும் இலையைத் தின்ன விடாமல் விலக்குவதே அதன் வேலை.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழக்கூடும். மிளகாய் பூச்சியை விரட்டுமாயின், மிளகாய்ச் செடியிலேயே இலைப்பேனும் அசுவிணியும் ஏறி இலையைச் சுருட்டுவானேன்? நியாயமான கேள்வி. காரம் காயில் இருக்கிறதேயன்றி இலையில் இல்லை. ஆகவே காயை அரைத்து இலையின்மேல் சேர்ப்பது, செடி தானாகச் செய்துகொள்ளாத ஒரு காரியத்தை மனிதன் அதற்குச் செய்து கொடுப்பதாகும். மிளகாய்ச் செடிக்கே மிளகாய்க் கரைசல் தெளிப்பது வேடிக்கையாகத் தோன்றினும் வீண் வேலையன்று.

கரைசல் செய்யும் முறை வருமாறு. உரித்த பூண்டு 50 கிராம், பச்சை மிளகாய் 25 கிராம், இஞ்சி 25 கிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய கணக்கில் பூண்டு ஒன்றரைப் பலத்துக்குச் சற்றுக் குறைவு. மற்ற இரண்டும் அதிற் பாதி. மூன்றையும் அம்மியில் மைய அரைத்து, 3 லிட்டர் தண்ணீரில் கலக்கி, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்ட வேண்டும். திப்பி தங்கினால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக் கொள்ளும். பூண்டு நசுங்கும்போது உண்டாகும் நெடிச்சத்து நீண்ட நாள் நில்லாது. ஆதலால் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே அரைப்பது உத்தமம். கடையில் விற்கும் மிளகாய்த் தூளைக் கரைத்துத் தெளிப்பது சரியன்று. அதில் என்ன கலந்திருக்கிறதென்பதை விற்பவரும் அறியார். வீட்டுச் செடியின் மிளகாய் எல்லாவற்றினும் மேல். ஏனெனில் சந்தை மிளகாய்க்கும் மருந்தடித்திருப்பார்கள்.

காப்சைசின் தண்ணீரில் எளிதிற் கரையாது. வெண்டை இலையிலும், மாவுப்பூச்சியின் மெழுகுடம்பிலும் தண்ணீர் முத்து முத்தாய் உருண்டோடி விடும். இவ்விரு குறைகளுக்கும் சோப்பே பரிகாரம். எண்ணெயிற் காய்ச்சிய சாதாரணக் காதிச் சோப்பைச் சீவிச் சிறிது தண்ணீரில் கரைத்து, அக்கரைசலில் இரண்டு தேக்கரண்டி அளவு சேர்த்தாற் போதும். துணி வெளுக்கும் தூள் கூடவே கூடாது. அது இலையைக் கருக்கும். அசுவிணி போன்ற மெல்லுடற் பூச்சிகளைச் சோப்புத் தண்ணீர் தனித்தே கொல்லும். ஆகவே இக்கரைசலின் பெருமை முழுவதையும் மிளகாய்க்கே கொடுத்து விடுவது நேர்மையாகாது. பாதிப் பெருமை சோப்பினுடையது.

முதல் நாள் இரண்டு இலைகளில் மட்டும் தெளித்து, ஒரு முழு நாள் பார்த்து, இலை வாடவில்லையென்று கண்ட பின்னரே செடி முழுவதற்கும் தெளிக்க வேண்டும். மாலை வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பது நலம். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். காலையில் தெளித்தால் பூவுக்கு வரும் தேனீயின்மேல் படும். பூச்சி இருப்பது இலையின் அடிப்புறத்தில். மேற்புறத்தை நனைத்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்போர் பலர். மழை பெய்தால் எல்லாம் கழுவிப்போம். மழையில்லாவிடினும் வாரத்துக்கொருமுறை திரும்பத் தெளிக்க நேரும். பொறிவண்டுகள் மேய்கின்ற கொழுந்தை விட்டுவிடுவது புத்திசாலித்தனம். அசுவிணியைத் தின்பது அவற்றின் தொழில், அதற்குக் கூலியும் கேட்பதில்லை.

அரைப்பவர் படும் பாடும் பேசத்தக்கதே. மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தொட்ட அநுபவம் எல்லார் வீட்டிலும் உண்டு. தெளிக்கும்போது அதே காரம் புகையாய் மூக்கிலேறும். காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். முகத்துக்குத் துணி, கண்ணுக்குக் கண்ணாடி, குழந்தைகள் அப்பால். கைக்கு நல்லெண்ணெய் பூசிக்கொண்டு அரைத்து, முடிந்ததும் சோப்பால் கழுவினால் எரிச்சல் குறையும். அடுக்களைச் சரக்கு என்பதனாலேயே தீங்கற்றதென்று நினைப்பது பிழை.

இது எதற்கு உதவாது என்பதையும் அறிய வேண்டும். கத்தரித் தண்டையும் காயையும் துளைத்து உள்ளே புகுந்த புழுவை எக்கரைசலும் எட்டாது. வாடித் தொங்கும் நுனிகளைத் தினமும் கிள்ளி எரிப்பதொன்றே வீட்டுத் தோட்டத்தில் அதற்கு வழி. வளர்ந்த புழுவுக்கும் மிளகாய் பெரிய தடையன்று. அதற்கு வேப்பங்கொட்டைச் சாறே மேலானது. வயலுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்போர் கணக்குப் பார்க்கட்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிப்பதானால் பூண்டு மாத்திரம் ஏறக்குறைய 3⅓ கிலோ வேண்டும். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பூண்டு கிலோ 400 ரூபாய்க்கு மேல் விற்றது. அவ்விலையில் ஒரு முறை தெளிக்கப் பூண்டுக்கே 1,300 ரூபாய்க்கு மேற் செல்லும். அத்தனையையும் உட்கார்ந்து உரிப்பவர் யார் என்பது வேறு. கொல்லைத் தோட்டத்துக்கோ ஒரு பிடி பூண்டு போதும். பூண்டு விலையேறிய காலத்தில் மிளகாயும் சோப்பும் மட்டும் கொண்டு ஒப்பேற்றலாம்.

சங்கத்தார் ஆலோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. பல சங்கங்களில் அங்கத்தினருக்கு வாடகைக்கு விடத் தெளிப்பான்கள் இருக்கின்றன. வயலில் களைக்கொல்லி அடித்துத் திரும்பிய அதே தெளிப்பானில் மிளகாய்க் கரைசலை ஊற்றி அவரைக்குத் தெளித்தால், தொட்டியிலும் குழாயிலும் தங்கிய மிச்சத்தால் செடியே பட்டுப்போகக் கூடும். பூச்சிமருந்தின் மிச்சமாயின் செடி பிழைத்துவிடும், உண்பவருக்குத்தான் கேடு. அது கண்ணுக்கும் தெரியாது. எத்தனை முறை கழுவினாலும் இதில் நம்பிக்கை வைப்பதற்கில்லை. ஆகவே கொல்லைத் தோட்டத்துக்கென்று ஒன்றிரண்டு லிட்டர் பிடிக்கும் கைத்தெளிப்பான்கள் சிலவற்றைச் சங்கம் தனியே வாங்கி, வேறு வர்ணம் பூசி, மருந்து அறையில் அன்றி அலுவலக அறையில் வைக்கலாம். ஒவ்வொன்றின் விலையும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். எடுத்துச் செல்வோர் பெயரையும் என்ன தெளித்தனர் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். ஒரு முறையேனும் வேறு மருந்து ஊற்றப்பட்டதென்று தெரிந்தால் அத்தெளிப்பானை வயலுக்கு அனுப்பிவிட்டு, அதற்கு ஈடாக வேறொன்று வாங்கும் செலவை எடுத்தவரே ஏற்கும்படி நிர்வாகக் கமிட்டி முன்னதாகவே தீர்மானம் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.